இருபத்துநான்கு சிலுவைகளும் ஒரு தாளிப்பனையும்

வெள்ளவத்தை
30.03.2026

திரு. ரெனால்ட் அவர்களுக்கு,

உங்கள் இலக்கத்தை என் போனில் பிளாக் பண்ணிவிட்டேன். கோபத்தால் அல்ல, பிரஷரால். நேற்றுப் பின்னேரம் தங்கச்சி லவினா வீட்டுக்கு வந்து உங்களோடு போனில் கதைத்து முடிந்த கையோடு அவள் மெஷினை வைத்துப் பார்த்தாள். நூற்றெண்பது காட்டியது. ஆகவே உங்களோடு சண்டை பிடிப்பதென்றால் இனி எழுத்தில்தான். நான் காய்ந்த செடி ஒட்டுகிற ஹெர்பேரியத்தில் வேன் ஓட்டுகிற மஹ்ரூப் நானா தினமும் கொச்சிக்கடையிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர், கடிதத்தைக் கொண்டுவரக் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறார். "வாயால ஒன்டும் சொல்ல மாட்டேன், எழுதித் தாங்க" என்று சொல்லிவிட்டார். அவரிடம் என் சுகத்தைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

நடந்ததைப் பதிவில் வைக்கிறேன். முகத்துவாரத்தில் தாளிப்பனை பூத்துக் காய்த்துவிட்டது, வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஓடிப்போய் ஓர் இலை வாங்கி வந்தேன். ஓர் இலை என்றால் நம் ஹோலை விடப் பெரிது. விதிப்படி நடுவால் பிளந்து, ஒரு பாதியை அளவெடுத்து எறிந்துவிட்டு, மற்றப் பாதியைப் பதினொரு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு சீட்டுக் கட்டினேன். ஹெர்பேரியத்தில் இருக்கிற காயவைக்கும் பெட்டிக்குள் அவ்வளவும் போகாது. அதனால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரிகைத் தாளுக்குள் வைத்து மெத்தைக்குக் கீழே அழுத்தினேன். உங்கள் நிறைக்கு ஒரு பிரயோசனம் கிடைத்ததே என்று சந்தோசமும் பட்டேன்.

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. பூசையில் நீங்கள் ஒரு பை நிறைய ஓலைச் சிலுவைகளைக் கொண்டுபோய் நீட்ட, சுவாமி தீர்த்தம் தெளித்தார். நானும் தலை குனிந்து கும்பிட்டேன். கும்பிட்டது என் ஓலையை என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தாள் மாற்ற மெத்தையைத் தூக்கினேன். ஐந்து துண்டுதான் கிடந்தது.

மரம் இனி இல்லை. தாளிப்பனை ஆயுளில் ஒரு தரம் பூக்கும், பூத்தால் செத்துப்போகும். வெட்டி லொறியில் ஏற்றிப் போனதை நீங்களும் பார்த்தீர்கள். வருசப் பிறப்பு லீவுக்கு முதல், பத்தாம் திகதி, முழு இலையும் அட்டைகளில் ஒட்டி மேசைக்கு வந்தால் சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, இலக்கம் ஒன்று தருவதாக தயாபரன் டொக்டர் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் இல்லை. ஹெர்பேரியத்துக்குப் பொறுப்பாளர் அவர், பேச்சு மாறாதவர்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நீங்கள் பெண்டாட்டி வீட்டு நெய்யையே எடுத்து ஊருக்கு ஊற்றியிருக்கிறீர்கள்.

றொசானா ரெனால்ட்
(பின்பெயரை எடுப்பதென்றால் அடையாள அட்டையும் மாற்ற வேண்டும். அதனால் இருக்கட்டும்.)


கொட்டாஞ்சேனை
31.03.2026

அன்புள்ள றொசானாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீர் கேட்காவிட்டாலும் எழுதுவது முறை. மூன்று நேரமும் பாணும் பருப்பும் போகிறது. பருப்பு நேற்று அடிப்பிடித்தது, இன்று அவ்வளவு பிடிக்கவில்லை.

குற்றப்பத்திரிகை கிடைத்தது. பதில் சொல்ல எனக்கும் உரிமை உண்டு. கோவில் சங்கக் கூட்டத்தில் "ஓலை என் பொறுப்பு" என்று எழுந்து நின்று சொன்னவன் நான். நீர்கொழும்பிலிருந்து வந்த லொறியில் சொன்னதில் பாதிதான் தென்னங்குருத்து இருந்தது. கோவிலுக்கு வந்தவர்களுக்கு அது சரி. நம் ஒழுங்கைச் சந்துக்குள் கோவில் வரை நடக்கமாட்டாத இருபத்துநான்கு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு வருசா வருசம் சிலுவை மடித்து வீடு வீடாகக் கொடுக்கிறவன் யார்? கட்டிலில் கிடக்கிற சனத்திடம் போய், இந்த வருசம் இயேசு எருசலேமுக்குள் வந்தார், ஓலைதான் வரவில்லை என்று சொல்லச் சொல்கிறீரா?

சனிக்கிழமை யோசித்துக்கொண்டு மெத்தையில் இருந்தேன். கீழே சரசரத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எறிகிற பாதி என்றுதான் நினைத்தேன். நீர் ஒரு பாதியை எறியப்போகிறேன் என்று சொன்னது காதில் விழுந்தது. எறிந்தாயிற்று என்று சொன்னது விழவில்லை. ஆறாம் துண்டிலிருந்து பதினோராம் துண்டு வரை எடுத்தேன், மற்றவை காம்புப் பக்கம், தடிப்பு, மடியாது.

ஒன்று மட்டும் என் பக்கத்தில் நியாயம். துண்டுகளில் கட்டியிருந்த சீட்டுகளை நான் எறியவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்து, இலக்கப்படி அடுக்கி, பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருசம் கப்பல் சாமான் எண்ணிய கிளாக்கரிடம் சீட்டுத் தொலையாது.

நடந்தது நடந்துவிட்டது. ஒழுங்கையில் இருபத்துநான்கு பேர் சந்தோசமாக இருக்கிறார்கள். ஓலைதானே றொசானா. வீட்டுக்கு வாரும்.

உம்முடைய,
ரெனால்ட்


வெள்ளவத்தை
01.04.2026

ரெனால்டுக்கு,

சீட்டுப் பத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு மேசையில் தலை வைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். லவினா பயந்துபோய்த் திரும்பவும் மெஷினை எடுத்தாள். ஆளைக் காணவில்லை, அடையாள அட்டை மட்டும் டின்னுக்குள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் யாரை ஒட்டுவது?

"ஓலைதானே" என்றும் எழுதியிருந்தீர்கள். நான் வீட்டை விட்டு வந்தது ஓலை போனதற்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை நான் நிலத்தில் இருந்து அந்த ஐந்து துண்டையும் எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று இதே சொல்லைச் சொன்னீர்கள். அதற்குத்தான் வந்தேன். இப்போது எழுத்திலும் தந்திருக்கிறீர்கள்.

இருபத்தேழு வருசமாக நான் மற்றவர்கள் பிடுங்கி வந்த செடிகளை ஒட்டுகிறேன். பசை பூசுவது, நூலால் தைப்பது, காய்ந்து உதிர்ந்த பூவைச் சின்ன உறையில் போட்டுப் பக்கத்தில் வைப்பது, ஒரு இலையாவது கீழ்ப்பக்கம் தெரியத் திருப்பி ஒட்டுவது எல்லாம் நான். லேபிளில் இருப்பது அவர்கள் பெயர். அது நியாயம், பிடுங்கியது அவர்கள். ஆனால் எனக்கும் ஒரு தரம் ஆசை வந்தது. மழையில் சேறு மிதித்து, மரம் வெட்டுகிறவர்களோடு சிங்களத்தில் மன்றாடி, நான் கேட்டு வாங்கிய இலை அது. என் பெயரில் ஒன்று அந்த அலுமாரிக்குள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உங்களிடம் இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது என் பிழை. நீங்கள் கேட்கவில்லை என்பது உங்கள் பிழை.

இருபத்துநான்கு சிலுவையும் திரும்பி வர வேண்டும். ஓரங்களைப் பொருத்திப் பார்த்து நீங்கள் கிழித்த எந்தக் கீலம் எந்தத் துண்டு என்று என்னால் கண்டுபிடிக்க முடியும்.

மூன்று கேள்வி. மடிப்பதற்கு முன் ஓலையை நனைத்தீர்களா? கத்தரிக்கோல் பட்டதா? மூன்றாவது சவுந்தரநாயகம் சுவாமியிடம் கேட்க வேண்டியது. ஒட்டுவதற்கு முன் பூச்சி சாக மூன்று நாள் டீப் பிரீசரில் வைக்க வேண்டும். மந்திரித்த ஓலையை அப்படி வைத்தால் பாவமா? கோபம் இருந்தாலும் எனக்கு ஆண்டவர் பயம் உண்டு.

றொசானா


கொட்டாஞ்சேனை
04.04.2026, பெரிய சனி

அன்புள்ள றொசானா,

இதோடு மஹ்ரூப் கையில் ஒரு பை வருகிறது. இருபத்துமூன்று இருக்கிறது. எண்ணிப் பாரும்.

மந்திரித்த ஓலையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டு ஒரு கத்தோலிக்கன் வீடு வீடாகப் போனது கொட்டாஞ்சேனைச் சரித்திரத்தில் இதுதான் முதல் தரம். மூன்றாம் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வேறு சபையில் சேர்ந்துவிட்டேனாம். ஐந்தாம் வீட்டில், "றொசானா போனதால அவருக்குக் கொஞ்சம் சரியில்லை" என்று எனக்குக் கேட்கவே சொன்னார்கள். வெறுங்கையோடு போய்ச் சரிவராது என்று கண்டு, புறக்கோட்டையில் அலைந்து தென்னங்குருத்து வாங்கி, இருந்து இருபத்துநான்கு புதுச் சிலுவை மடித்து சுவாமியிடம் போனேன். பெரிய வியாழன் வேலைகளுக்கு நடுவில் மனிதர் முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் தீர்த்தச் சட்டி தளும்பியது. மந்திரித்துத் தந்தார். உம்முடைய கேள்விக்கும் பதில் தந்தார். "ஆண்டவரே மூண்டு நாள் கல்லறையில இருந்தவர். ஓலை மூண்டு நாள் பிரீசரில இருக்கட்டும்."

அதற்குப் பிறகு பண்டமாற்று நன்றாக நடந்தது. மூலை வீட்டுத் திரீவீல்காரன் மட்டும், தாய்க்குக் கொடுத்ததைக் கண்ணாடியில் கட்டிவிட்டு அவிழ்க்க மறுத்தான். "இதக் கட்டின நாள் தொட்டு ஒரு பொலிசும் மறிக்கேல்ல அங்கிள்." அவனுக்கு இரண்டு கொடுக்க வேண்டி வந்தது. என் பங்குச் சிலுவை அவனுக்குப் போயிற்று.

இனி உம்முடைய கேள்விகள். நனைத்தேன். குளிக்கிற வாளியில், அரை மணித்தியாலம். கத்தரிக்கோலும் பட்டது. ஒவ்வொரு கீலமும் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. சிலுவைக்கு அழகில்லை என்று நறுக்கினேன். நறுக்கிய நுனிகள் திங்கட்கிழமை மாநகரசபை வண்டியில் போய்விட்டன.

இருபத்துநான்காவது மேபல் அன்ரியிடம் இருக்கிறது. எண்பத்தாறு வயது, ஒழுங்கை முடிவில் கட்டிலோடு கிடக்கிறவ. முதல் சிலுவை அவவுக்குத்தான் மடித்தேன், அப்போது கத்தரிக்கோல் கைக்குக் கிடைக்கவில்லை. போனேன். தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தா. "பெருநாள் முடியட்டும் ராசா, வாற கிழமை வா, தாறன்" என்றா. நான் வற்புறுத்தவில்லை.

நீர் மழையில் சேறு மிதித்தது எனக்குத் தெரியாது. குடை கொண்டு போயிருப்பீர் என்று நினைத்தேன்.

ரெனால்ட்


வெள்ளவத்தை
06.04.2026

ரெனால்ட்,

இருபத்துமூன்றும் சரி. எண்ணிக்கையில் உங்களைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை முழுவதும் தண்ணீரில் போட்டு மடிப்பு எடுத்தேன். நேற்று உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து நேரே ஹெர்பேரியத்துக்குத்தான் வந்தேன். கீலங்களை மேசையில் பரப்பி ஓரத்தோடு ஓரம் பொருத்தினேன். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஐந்தும் நுனியைத் தவிர முழுதாக வந்துவிட்டன. பதினோராம் துண்டில் நாலில் மூன்று. இப்போது எல்லாம் சின்னதாக இருப்பதால் காயவைக்கும் பெட்டிக்குள் போகிறது. உங்களால் வந்த நன்மை இது ஒன்றுதான், எழுதாமல் விட்டால் நியாயமில்லை. இன்று பிரீசருக்குள் வைத்தேன். வைக்கும்போது சிலுவை அடையாளம் போட்டேன். சுவாமி சொன்னாலும் ஒரு பாதுகாப்புக்கு.

இனித்தான் கஷ்டம். டொக்டர் வந்து கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு கீலமாகப் பார்த்தார். "நுனி எங்க?" என்றார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன், வாளி வரைக்கும். மனிதர் சிரிக்கவில்லை. "இலைக்கு அடியும் வேணும் நுனியும் வேணும் மிசிஸ் ரெனால்ட். நுனி இல்லாத பனையோலையை நான் பதியமாட்டன். ஒரு நுனி போதும், ஒண்டு கொண்டுவாங்க" என்றார்.

அந்த ஒன்று மேபல் அன்ரியின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. உங்கள் அவசரத்தில் கத்தரிக்கோல் கிடைக்காமல் போனது எந்தப் புனிதரின் வேலையோ, அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

பெருநாள் முடிந்துவிட்டது. இன்றைக்கே போங்கள். நான் கேட்டேன் என்று சொல்லுங்கள், தருவா. நல்ல மனுசி. கையோடு நம் தென்னஞ்சிலுவையைக் கொடுங்கள், கொஞ்சம் ஈஸ்டர் கேக்கும் கொண்டுபோங்கள். கேக் எங்கே என்று தேட வேண்டாம், இந்த வருசம் நான் செய்யவில்லை. வாங்குங்கள்.

உங்கள் பிளாக்கை எடுக்கலாமா என்று லவினா கேட்டாள். நுனி வரட்டும் என்றேன்.

றொசானா


கொட்டாஞ்சேனை
08.04.2026

றொசானா,

மஹ்ரூப் உம்முடைய கடிதத்தைத் தந்தபோது திங்கள் பின்னேரம். மேபல் அன்ரி அன்று விடியவே போய்விட்டா. நித்திரையில், நோவு இல்லாமல். உமக்கு வேறு ஆட்கள் சொல்லியிருப்பார்கள்.

நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். சேட்டுப் பைக்குள் தென்னஞ்சிலுவையை வைத்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனேன். கேக்கும் கையில் இருந்தது, வாங்கிவிட்டேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் சவப்பெட்டியைச் சுற்றி அதோடு ஒரு தரம் நடந்தேன். மேபல் அன்ரி வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தா. இரண்டு கையும் நெஞ்சில். கைக்குள் செபமாலை இல்லை, நம் ஓலைச் சிலுவை இருந்தது. சிலுவையின் கீழ்க் கால் வெளியே நீட்டிக்கொண்டு, நுனி முழுதாக.

மாற்றுவதற்கு ஒரு நிமிசம் போதும். எல்லாரும் வாசலில் சுவாமி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தேன். முத்தம் கொடுக்கிற மாதிரி இன்னும் குனிந்தேன். கையை நீட்டினேன். அந்த நேரம் அன்ரியின் மகள் பின்னால் வந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. "அங்கிள், ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா இதத்தான் கையில வச்சிருந்தவ. நான் கோவிலுக்கு வரேலாட்டியும் ரெனால்ட் என்னை மறக்கேல்ல எண்டு சொல்லிச் சொல்லி." நானும் அழுதேன். திருட வந்த இடத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் றொசானா. கேக்கை வாங்கிக் குசினிக்குள் வைத்தார்கள்.

நான் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. நேற்றுப் பின்னேரம் மாதம்பிட்டிச் சேமக்காலையில் மண் போட்டாயிற்று. உம்முடைய பெயர் அதோடு போய்விட்டது என்று தெரிந்துகொண்டுதான் நானும் ஒரு பிடி போட்டேன்.

ஆனால் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாலும் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தேன். நுனி நடுவாலே இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நீளம், முனை கூர் இல்லை, கொஞ்சம் மொட்டை. பிளவு என் சுண்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும். குனிந்தபோது பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடிமட்டத்தால் விரலை அளந்தேன். சரியாக ஓர் அங்குலம். நிறம் உள்ளே மஞ்சள், ஓரத்தில் மண்ணிறம்.

இத்தனை வருசத்தில் ஒரு இலையை நான் இப்படிப் பார்த்ததில்லை. நீர் தினமும் பார்க்கிறது இதைத்தானா?

மன்னித்துக்கொள்ளும். ஓலைதானே என்று இனி என் வாயில் வராது.

ரெனால்ட்


வெள்ளவத்தை
10.04.2026

அன்புள்ள ரெனால்ட்,

அடக்கப் பூசைக்கு நானும் வந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். வரும்போது பெட்டி மூடியாயிற்று, அதனால் எனக்கு நுனி தெரியாது. உங்களுடைய சேட்டுப் பைக்குள்ளிருந்து தென்னஞ்சிலுவை எட்டிப் பார்த்தது தெரிந்தது. அதைக் கண்டதும் நடந்தது முழுவதும் விளங்கிவிட்டது. உங்களோடு கதைக்க வந்தேன், அதற்குள் சனம் உங்களைச் சுற்றி நின்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பக்தியான ஆளை விட்டுவிட்டுப் போனாவே என்று யாரோ என்னைப் பற்றிச் சொன்னதும் காதில் விழுந்தது. பஸ் எடுத்து வந்துவிட்டேன்.

நீங்கள் எடுத்திருந்தால் நான் ஒட்டியிருக்கமாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை பதினொரு துண்டையும் அட்டைகளில் ஒட்டி டொக்டரின் மேசையில் வைத்தேன். பதினோராம் அட்டையில் கீலம் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "கீலம் தொலைஞ்சது எண்டு எழுதி, பதியாமல் பெட்டியில போடுங்க" என்றார். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "தொலையேல்ல டொக்டர். இருக்கிற இடம் தெரியும். பிளவு எத்தனை அங்குலம் எண்டும் தெரியும். பார்த்த ஆளும் இருக்கிறார்" என்றேன். உங்கள் கடிதத்தை மேசையில் விரித்தேன். கேக் வருகிற இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன், கையை விலக்கி அதையும் வாசித்தார்.

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு, "இந்தச் சாட்சியை நம்பலாமோ?" என்றார்.

"முப்பத்தொரு வருசம் துறைமுகத்தில எண்ணினவர். அளவில பிழை வராது. மற்றதிலதான் வரும்" என்றேன்.

அப்போதுதான் மனிதர் சிரித்தார். லேபிளை என்னையே எழுதச் சொன்னார். இப்படி எழுதினேன்:

தாளிப்பனை. முகத்துவாரம், கொழும்பு 15. பூத்துக் காய்த்தபின் வெட்டிய மரம். அரை இலை, பதினொரு அட்டைகள். உலரும்போது இரு முறை நனைந்தது. நுனி இரண்டாகப் பிளந்தது, பிளவு ஓர் அங்குலம், முனை மொட்டை. பார்த்து அளந்தவர் ரெனால்ட். நுனியுள்ள கீலம் திருமதி மேபலின் கையில், மாதம்பிட்டிச் சேமக்காலை. சேகரித்தவர் றொசானா ரெனால்ட். இலக்கம் 1.

முதலில் மேபல் அன்ரி என்று எழுதியிருந்தேன், லேபிளில் அன்ரி வரக்கூடாது என்று டொக்டர் வெட்டினார். அதற்கு விட்டுக்கொடுத்தேன்.

பசை பூசி என் பெயரை நானே ஒட்டினேன். லேபிள் சரிந்துவிட்டது. இருபத்தேழு வருசத்தில் நான் சரிவாக ஒட்டிய லேபிள் இது ஒன்றுதான். ஈரம் காயமுதல் கழற்றி நேராக ஒட்டச் சொன்னார் டொக்டர். மாட்டேன் என்றேன்.

நாளைச் சனிக்கிழமை பத்து மணிக்கு ஹெர்பேரிய மாடிக்கு ஏறி வாருங்கள், அலுமாரியைத் திறந்து காட்டுகிறேன். அப்படியே லவினா வீட்டிலிருந்து என் உடுப்புப் பெட்டியைத் தூக்க ஒரு கை வேண்டும்.

றொசானா